விற்பதா, வைத்திருப்பதா?

மும்பையில் பிழைக்கும் நான், சென்ற ஆண்டு மாரிகுப்பத்தில் ஒரு வீடு வாங்கினேன். தங்கச் சுரங்கத்தில் உழைத்த என் தந்தையார் வாழ்நாளெல்லாம் கம்பெனியின் லைன் வீட்டில் குடியிருந்தவர். சொந்தக் கூரை காணாமலே மறைந்தார். அக்குறையைத் தீர்க்க எண்ணினேன். ஆனால், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கப் பணி நின்றபின் அங்கே சங்கொலி இல்லை. காற்றெழுந்தால் சயனைடு மேட்டுப் புழுதியே வீட்டுக்குள் வருகிறது. நான் வாங்க விழைந்தது வீட்டையன்று, திரும்பி வாராத ஒரு காலத்தை என்பதை உணர்ந்தேன்.

இப்போது வீட்டைக் கேட்டு வந்திருப்பவர், நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர். அன்பர்களே, பூட்டிக் கிடக்கும் வீடு தந்தையார்க்கு என்ன பெருமை சேர்க்கும்? அவ்விளைஞரின் குழந்தைகள் அங்கே வளரட்டும். விற்கத் துணிந்தேன். சாவியை ஒப்படைக்குமுன், தந்தையார் வாழ்ந்த லைன் வீட்டு வாயிலில் சற்றே நின்று வருவேன்.