தறிச் சத்தத்தோடு வந்த சாட்சி

2021 கடைசியில் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி நாமக்கல்லில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். இளைஞர். தானே எழுதிப் பாடி இணையத்தில் ஏற்றியிருந்த ராப் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை, சென்னை இசை நிறுவனம் ஒன்று வேறொருவர் குரலில் வெளியிட்டிருந்தது. வரிகள் அப்படியே இருந்தன, எழுதியவர் பெயர் இல்லை.

நாமக்கல்லில் தொடர்ந்த வழக்கைச் சென்னையில்தான் போட வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. பதிப்புரிமைச் சட்டம் 62(2) பிரிவின்படி, உரிமை கேட்பவர் தான் குடியிருக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். அந்த ஆட்சேபம் நிற்கவில்லை.

அடுத்த வாதம்தான் என்னைச் சுட்டது. எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதாத ஆல்பம், இல்லாத பேருக்கு என்ன நஷ்டம் என்றார்கள்.

எழுதாதது யார் குற்றம்? அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில், 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எழுதிப் பாடிய அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவருக்கு டிஜிட்டல் அட்டை வந்தது. 2006இல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பத்தில் 'மடை திறந்து' பாட்டைத் தாண்டிக் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1995இல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் பத்திரிகையின் விருது விழாவில், அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் ராப் குழு விருது வாங்க மேடையேறியபோது அரங்கம் கூச்சலிட்டது. 1998இல் அதே சோர்ஸ் பத்திரிகை அவர்களுடைய 'அக்வெமினி' ஆல்பத்துக்குத் தன் உச்ச மதிப்பான 5 மைக் கொடுத்தது. இதையெல்லாம் நீதிபதி முன் சொன்னேன். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 13 கேட்பது சொந்தப் படைப்பா என்பதை மட்டும்தான், புகழை அல்ல.

சொந்தப் படைப்பு என்பதற்கு அவர் செல்போனே சாட்சி. தறிப் பட்டறையில் பதிவு செய்த குரலை, மின்னணுப் பதிவுகளுக்கு அன்றைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம்.

"ஏன் தம்பி, இவ்வளவு சத்தத்துலயா பதிவு பண்ணுவீங்க?" என்று முன்பே கேட்டிருந்தேன்.

"தறி ஓடறப்பத்தானுங்க சார் வரி வருது."

நீதிமன்றத்தில் அதைப் போட்டுக் காட்டினோம். பாதி வரியில் நூல் அறுந்து அவருடைய தறி நிற்கிறது, பக்கத்துத் தறிகள் ஓடுகின்றன. முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுகிறார். அதே வரியை ஒரு சொல்லை மாற்றிப் பாடுகிறார். மாற்றிய அந்தச் சொல்லோடுதான் நிறுவனத்தின் பாட்டு வெளிவந்திருந்தது. பதிவின் தேதியோ வெளியீட்டுக்குப் பல மாதம் முந்தியது.

அதன்பின் சமரசத்துக்கு வந்தார்கள். பெயர் போடச் சம்மதம், பணமும் தருகிறோம் என்றார்கள். இவர் பெயரோடு 'பள்ளிபாளையம்' என்றும் போடச் சொன்னார். அப்படி வழக்கமில்லை என்று வாய்தா வாய்தாவாக இழுத்தார்கள். தொகையைக் குறைத்துக்கொண்டார், ஊரை விடவில்லை. சமரசத் தீர்ப்பாணையில் பெயரும் ஊரும் சேர்ந்தே ஏறின.

ஆல்பத்தின் மற்ற பாட்டுகளைப் பற்றி இன்றுவரை ஒரு விமர்சனம்கூட என் கண்ணில் படவில்லை. முன்பணக் கடனில் தறியோடு கட்டுண்ட குடும்பத்தைப் பற்றிய பாட்டு அதில் இருக்கிறது. என்னிடம் வரும் இளம் வக்கீல்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.