எண்ணெய்த் துணி

ராயபுரத்து வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ரிவால்வர் கிடைத்தது. கூடவே லைசென்ஸ். கடைசிப் புதுப்பிப்பு 1961. வெள்ளைக்காரன் நம் கைகளை நம்பாமல் போட்ட 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். 1962 அக்டோபரில் புதிய ஆயுதச் சட்டம் அமலுக்கு வந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார்.

துறைமுகத்து உப்புக்காற்று எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியைத் தின்றது, பூட்டைத் தின்றது. இதில் துருவே இல்லை. சுற்றியிருந்த துணியில் எண்ணெய் ஈரம். அப்பா கடைசிவரை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 21ஆம் பிரிவுப்படி தாமதமின்றி போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசாக லைசென்ஸ் கேட்கலாம். கிடைத்தால் திரும்பப் பெறலாம், இல்லையேல் விற்கலாம். ஒளித்து வைத்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

என்னைத் தடுத்தது சிறை அல்ல. 'இத்தனை வருஷம் யாரிடம் இருந்தது?' என்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்காமல் ஒருநாளும் ரயில் ஏறாத மனிதரின் பெயரை நான் சொல்ல வேண்டும்.

"கடல்ல போட்டுடுப்பா" என்றான் நண்பன். காசிமேட்டு வலைகள் கடலில் எதை விட்டுவைக்கின்றன?

லைசென்ஸ் கேட்பதென்றால் அது எனக்கு வேண்டும் என்று எழுதித்தர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அப்பாவின் மௌனத்துக்கு ஒரு காரணம். அது துப்பாக்கியில் இல்லை.

நாளை வக்கீலோடு போகிறேன். கேட்டால் அப்பாவின் பெயரைச் சொல்வேன். துணியை மட்டும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.