சில்லறைக் காசில் ஒரு பள்ளிக்கூடம்

பிரான்ஸ் தேசத்தின் வடக்கே அமியான் என்று ஒரு நகரம். அங்கிருந்து கிழக்கே பத்து மைல் பிரயாணம் செய்தால் வில்லேர்-ப்ரெத்தொன்னு என்ற சிற்றூர் வருகிறது. பெயரைச் சரியாக உச்சரித்துப் பழகுவதற்குள் ஊரே வந்துவிடும்! சுற்றிலும் வயல்கள், நடுவே செங்கல் வீடுகள். விசேஷமாக ஒன்றுமில்லையே என்று நினைக்கும்போது தெருப் பெயர் கண்ணில் படுகிறது: மெல்போர்ன் வீதி. இன்னொன்று விக்டோரியா வீதி. விக்டோரியா என்றால் மகாராணி அல்ல; ஆஸ்திரேலியாவில் உள்ள மாகாணம்.

அந்த வீதியில்தான் நாம் பார்க்க வந்த பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் ஒரு கொட்டகை. அதன் நெற்றியில், 'ஆஸ்திரேலியாவை மறவாதே' என்று கொட்டை எழுத்துக்களில், அதுவும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. வகுப்பறைக்குள் போனால் அதே வார்த்தை பிரெஞ்சில். கோலி உருட்டினாலும் சரி, கணக்குப் போட்டாலும் சரி, தலை நிமிர்ந்தால் அதுதான்.

எதற்காக இத்தனை ஞாபகப்படுத்தல்? 1918 ஏப்ரல் 24-ந் தேதி ஜெர்மன் சேனை இந்த ஊரைப் பிடித்தது. டாங்கியோடு டாங்கி மோதிய முதல் யுத்தமும் அன்றுதான் பக்கத்தில் நடந்தது. இரவோடு இரவாக ஆஸ்திரேலியப் படைகள், பிரிட்டிஷ் துருப்புகளும் கூட இருக்க, எதிர்த்தாக்குதல் நடத்தி ஊரை மீட்டன. விடிந்தால் ஏப்ரல் 25. கலிப்போலியில் அவர்கள் கரையிறங்கி மூன்று வருஷம் நிறைந்த நாள். மீட்ட ஊரில் மிஞ்சியது செங்கல் குவியல். பள்ளிக்கூடமும் போய்விட்டது.

இந்தச் செய்தி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் விக்டோரியா மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போயிற்று. பிள்ளைகள் பென்னி பென்னியாகச் சேர்த்தார்கள். உபாத்தியாயர்களும் கொடுத்தார்கள். ஊரை மீட்கையில் 1,200 ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் உயிர் கொடுத்தார்கள் என்றும், அவர்கள் இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார்கள், அண்ணன்மார்கள் என்றும் பள்ளிச் சுவரில் பதித்த கல் சொல்கிறது. அப்பா திரும்பி வராத ஒரு வீட்டுக் குழந்தை, அப்பா விழுந்த ஊரில் இன்னொரு குழந்தை படிக்கட்டும் என்று காசு போட்டதே, அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. 1927 ஏப்ரல் 25 அன்று பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது.

உள்ளே மண்டபத்தில் ஆஸ்திரேலிய மிருகங்களையும் பூக்களையும் செதுக்கிய மரப்பலகைகள் இருக்கின்றன. அவற்றைச் செதுக்கியவர்களில் யுத்தத்தில் அங்கம் இழந்த சிப்பாய்களும் உண்டு. மாடியில் ஒரு மியூசியம்.

நம் ஊரில் சரித்திர பாடம் என்றால் யுத்தம் நடந்த வருஷத்தை உருப்போடுவது. பரீட்சை முடிந்தால் வருஷமும் முடிந்தது. இங்கே பாடம் சுவரில் இருக்கிறது. அதில் ராஜா இல்லை, தளபதி இல்லை. "நீ உட்கார்ந்திருக்கும் இடம் யார் கொடுத்தது?" என்ற ஒரு கேள்விதான்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய நினைவுச் சின்னம் நிற்கிறது. டில்லியில் இந்தியா கேட்டைக் கட்டிய அதே லட்யன்ஸ் துரைதான் இதற்கும் சிற்பி. 1938-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். பிரான்ஸில் மாண்டு, கல்லறை இன்னதென்று தெரியாமல் போன பத்தாயிரத்துக்கும் அதிகமான பேரின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்குள் அடுத்த யுத்தம் வந்துவிட்டது. 1940-இல் பாய்ந்த குண்டுகளின் தழும்பு கல்லில் இன்னும் தெரிகிறது.

எழுதி வைத்தால் மட்டும் பிள்ளைகள் மனசில் நிற்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2009 பிப்ரவரி 7-ந் தேதி விக்டோரியா மாகாணத்தில் காட்டுத் தீ மூண்டது. 173 பேர் மாண்டார்கள். ஸ்ட்ராத்யூவன் என்ற சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடம் எரிந்து சாம்பலாயிற்று.

சேதி வந்ததும் வில்லேர்-ப்ரெத்தொன்னுவில் உண்டியல் குலுங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுவதற்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள்.