மங்கிய ஒளியில் ஒரு சிறுபறவை

கொடைக்கானல் சோலைக்காட்டின் அடியில் நண்பகலிலும் அந்தியொளிதான். அங்குத் தரையோரப் புதர்களில் வாழும் சோலைக்கிளி, பெயரில் கிளியாயினும், ஒரு சாண்கூட இல்லாத நீலநிறச் சிறுபறவை. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் காணக்கிடைக்காதது.

நம் கையிலுள்ள ஆடியில்லாக் கேமரா ஓசையின்றி இயங்கும். ஒளிக்குறையை அதனாலும் நீக்க இயலாது. நொடியில் 250-இல் ஒரு பங்கே ஷட்டர் திறந்தால் பறவையின் சிற்றசைவு கலங்காது பதியும், ஆனால் ஐ.எஸ்.ஓ. 6400-க்கு ஏற, படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். பளிச்சொளி பாய்ச்சலாம், பதிவுசெய்த குரலை ஒலித்து அருகழைக்கலாம். திடீர் ஒளி அதனை மருட்டும். பொய்க்குரல் கேட்டு எல்லைகாக்க விரையும் அவ்வுயிர் இரைதேடும் பொழுதை இழக்கும்.

எனவே காத்திருக்கிறோம், புள்ளிகளையும் ஏற்கிறோம். தெளிவான படம் நமக்கு மகிழ்ச்சி. அமைதியான பொழுதோ அதற்கு வாழ்வு. அன்பர்களே, எதனை விட்டுக்கொடுப்பது?