பிரிபடாத பாகம்

சென்ற மாதம் நாங்கள் இருவரும் வீடு பார்க்கப் போனோம். எங்கள் இரு குடும்பங்களிலும் கிரயப் பத்திரத்தில் வாங்குபவராகக் கையெழுத்துப் போடப்போகிற முதல் ஆட்கள் நாங்கள்தான். தாம்பரம், நாவலூர், பெரும்பாக்கம் என்று மூன்று சொகுசு அடுக்குமாடிகள். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டோம்: சதுர அடி விலை, கார்ப்பெட் ஏரியா, மனையில் பிரிபடாத பாகம், ரெரா பதிவு, 2015 வெள்ளத்தில் நின்ற தண்ணீர், மாதப் பராமரிப்புக் கட்டணம்.

தாம்பரத்தில் விற்பனைக்காரர், “இங்க எல்லாம் டீசன்டான ஆளுங்க சார், வெஜிடேரியன் ஃபேமிலிதான் அதிகம்” என்றார். மிச்சத்தை நாங்களே புரிந்துகொண்டோம்.

பெரும்பாக்கத்தில் பதினெட்டாவது மாடி பால்கனியில் நின்றால் வாரியக் குடியிருப்பு தெரிந்தது. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து நகரம் இங்கே கொண்டுவந்து போட்ட நம் மக்கள். அதைக் காட்டி, “ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் பஞ்சமே இல்ல மேடம், பக்கத்துலயே இருக்காங்க” என்றார் அங்கிருந்தவர். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் யார் இறங்குவார்கள் என்று கேட்டோம். “அது ஏஜென்சி பாத்துக்கும்.”

வீடு திரும்பும்வரை அந்தப் பதில் எங்களை விடவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பும் கருவிகளும் இல்லாமல் ஒருவரைத் தொட்டியில் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏஜென்சியை வைப்பது குடியிருப்போர் சங்கம். சாவி வாங்கிய நாளிலிருந்து அந்தச் சங்கத்தில் நாங்களும் உறுப்பினர். மனையில் மட்டுமல்ல, அந்தத் தொட்டியிலும் நமக்குப் பிரிபடாத பாகம் உண்டு.

அதற்காக அடுக்குமாடி நமக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டோம். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அப்படிச் சாடியது சும்மா இல்லை. நகரத்தில் நல்ல வீடு நம் உரிமை.

நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்தோம்: ‘தொட்டியில் இறங்குவது யார்?’ மூன்று இடங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்வோம், பராமரிப்பு ஒப்பந்தத்திலும் அதைச் சேர்க்கிறோம் என்று எழுதிக்கொடுத்தது நாவலூர் மட்டும். வங்கிக் கடனுக்கு அங்கேதான் விண்ணப்பித்திருக்கிறோம்.

நாளை நீங்களும் வீடு வாங்குவீர்கள் தோழர்களே. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.