கழுவிக்கொண்டு போன கால்கள்

எங்கள் ஊரில் பெரிய வியாழன் பூசைக்கு, பாதம் கழுவுவதற்கென்று பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்வார்கள். நான் தரம் 9 படிக்கும்போது அப்பாவின் பெயரும் வந்தது. மூப்பர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா மன்னார்க் கரையில் கடற்றொழில் செய்பவர். உப்புத் தண்ணியும் மண்ணெண்ணெயும் பட்டு அவருடைய குதிக்கால் எப்போதும் வெடித்துத்தான் இருக்கும். அன்று பின்னேரம் கிணற்றடியில் இருந்துகொண்டு அரை மணித்தியாலமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர் கழுவத்தானே போறார், நீங்களே கழுவி முடிச்சா அவருக்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்டா.

"ஊத்தைக் காலை எப்பிடி ஃபாதரிட்ட நீட்டுறது?" என்றார் அப்பா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், தாழ்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் இருக்கிறது.

2022 ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. எங்கட பக்கத்துச் சின்னப் படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. நான் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். இளையோர் ஒன்றியத்தில் செயலாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வேறு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய காசில் அந்த நத்தாருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் உலர் உணவுப் பொதி கொடுத்தோம். அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை. வரிசையாக வரச் சொன்னோம். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது ஒவ்வொரு படம்.

அன்றிரவு நான்தான் படங்களைத் தெரிந்தெடுத்து முகநூலில் போட்டேன். ஒரு அம்மா பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் படத்தை முதலாவதாக வைத்து, இந்தச் சிரிப்புத்தான் எங்களுக்குக் கிடைத்த நத்தார் ஆசீர்வாதம் என்று எழுதினேன். முந்நூறுக்கு மேல் லைக் வந்தது. படுக்கப் போகும் முன் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். வலக்கை, இடக்கை பற்றி மத்தேயு நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்தில் வருவதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் இதே ஆள்தான்.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்குக் கலைப்பீடத்துக்கு வந்தேன். முதல் வாரமே ஒருத்தி நல்ல சிநேகிதி ஆகிவிட்டாள். அவளும் மன்னார்ப் பக்கம். நூலகத்தில் ஒரே மேசை, அசைன்மென்டுக்கு ஒரே குழு, கன்டீனில் ஒரு பிளேன்டீயை இரண்டாகப் பகிர்ந்து குடிக்கும் அளவுக்கு ஒட்டு. மூன்று மாதம் கழித்து ஒருநாள் என்னுடைய போனில் பழைய படங்களைத் தட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"இது என்ர அம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சந்தோசமாகக்கூட இருந்தது. "உண்மையாவோ? எவ்வளவு வடிவாச் சிரிக்கிறா" என்றேன்.

"அம்மா அண்டைக்குச் சிரிக்கேல்ல. படம் எடுத்த பெடியன் சிரிக்கச் சொன்னவன். வீட்ட வந்து சாப்பிடாமப் படுத்தவ."

போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். நான் அங்கேயே அந்தப் பதிவை அழித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஊர் முழுக்கப் பார்த்து முடித்த படத்தை அழிக்க இரண்டு விநாடிதான் எடுத்தது.

அந்த வருடப் பெரிய வியாழன் எனக்கு ஞாபகம் வந்தது. 2016 இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றிய பிறகு பெண்களின் பாதங்களையும் கழுவலாம். எங்கள் பங்கில் இளையோர் சார்பில் என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். நானும் அப்பாவைப் போலவே வீட்டிலேயே காலைக் கழுவி, நகத்துக்குப் பூச்சும் பூசிக்கொண்டுதான் போனேன். ஏனென்றால் என்னுடைய ஊத்தையை ஒருவரும் பார்க்கக்கூடாது. ஆனால் இன்னொரு வீட்டின் வெறும் அரிசிப் பானையை எல்லோருக்கும் காட்டலாம் என்று நினைத்திருக்கிறேன். அதற்குச் சேவை என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். அவளுடைய வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் கேட்கட்டோ என்றேன். அதற்கு அவள் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது.

"அம்மாட்ட முகநூல் இல்ல. ஊர்ச்சனம் பாத்தது அவவுக்குத் தெரியாது. நீ போய் அழுதா உனக்குப் பாரம் குறையும், அவவுக்குக் கூடும்."

அதனால் இன்றுவரை கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் கேட்கவேண்டிய ஆளிடம் கேட்காமல் இருப்பது ஒரு தனிப் பாரம். அதைச் சுமப்பதுதான் எனக்குரிய தவம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருடத்தில் அப்பாவின் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. வீட்டிலிருந்து காசு வருவது நின்றது, மகாபொலவும் பிந்தியது. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் ஒன்றும் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. மத்தியானத்தில் நூலகத்துக்குள் போய் இருந்துகொள்வேன், படிக்கிறாள் என்று நினைப்பார்கள்தானே. ஒரு கிழமை போயிருக்கும். இவள் வந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"கூடச் சமைச்சிட்டன். நீ சாப்பிடாட்டி கொட்டோணும்."

அந்த நேரம் நாங்கள் சரியாகக் கதைப்பதுகூட இல்லை. எனக்குப் பசியில்லை என்றேன். அடுத்தநாளும் வந்தது, அடுத்தநாளும் பசியில்லை என்றேன். மூன்றாம் நாள் பெட்டியை வைத்துவிட்டுப் போயே விட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் பேதுருவை நினைத்தேன். யோவான் நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் இயேசு வந்து குனிந்தபோது, என்னுடைய காலைக் கழுவ விடமாட்டேன் என்று நின்றவர் அவர். அதை நாங்கள் பேதுருவின் பணிவு என்று படிப்பிப்போம். எனக்கு அன்று அது பணிவாகத் தெரியவில்லை. நான் என்ன நிலையில் இருக்கிறேன் என்று நீ பார்க்கக்கூடாது என்கிற வீறாப்புத்தான் அது. இயேசுவும் அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை.

பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல். பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் அவள் "கூடத்தான்" சமைத்தாள். ஒரு தரமாவது ஏன், எப்படி, வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது அவருடைய முகத்தையும் காப்பாற்றி எப்படிக் கொடுப்பது என்று, நான் பசியோடு விட்ட ஒரு வீட்டின் பிள்ளைதான் எனக்குப் படிப்பித்தாள்.

2015 ஜனவரி 14 ஆம் திகதி திருத்தந்தை மடுவுக்கு வந்தபோது அப்பாவின் தோளில் ஏறி நின்று பார்த்தவள் நான். அன்று காலையில்தான் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்திருந்தார். அவரைப் பற்றி மறைக்கல்வியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல் கூலியாள் வேடத்தில் வந்து, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துத் திரிந்தவர். அந்தப் பிச்சையை ஒரு தந்திரமாக மட்டும்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இந்தத் தீவுக்குக் கொடுக்க வந்த மனிதர் முதலில் கையை ஏந்தித்தான் தொடங்கினார். கை ஏந்தித் தெரிந்தவருக்குத்தான் ஏந்துகிற கை எப்படிக் கூசும் என்று தெரியும்.

போன தவக்காலத்தில் எங்கள் ஒன்றியம் திரும்பவும் பொதி கொடுக்க யோசித்தது. படம் எடுக்கக்கூடாது என்றேன். பெரிய வாக்குவாதம். ஒரு தம்பி நியாயமாகத்தான் கேட்டான்: "அக்கா, காசு அனுப்பின ஆக்கள் கணக்குக் கேப்பினம்தானே?" கேட்கத்தான் வேணும். பற்றுச்சீட்டும், எத்தனை வீடு என்ற கணக்கும், கட்டி அடுக்கிய பொதிகளின் படமும் அனுப்புவம் என்றேன். ஒருவர் முகம் இல்லாத படம் தனக்குத் தேவையில்லை என்று சொல்லிக் காசை நிறுத்திவிட்டார். அதனால் சில பொதிகள் குறைந்தன. சில வீடுகளுக்கு இல்லாமல் போனது. அது சரியோ என்று இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வரிசையும் வைக்கவில்லை, இருட்டினபிறகு சைக்கிளில் கொண்டுபோய்ப் படலையடியில் கொடுத்தோம். ஒரு வீட்டில் ஒரு ஆச்சி, "இரு பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றா. அவவிடம் இருந்த கடைசிச் சீனியாகவும் இருக்கலாம். முந்தி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். இருந்து குடித்தேன்.

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. தாழ்ச்சியைப் பற்றி எழுதி அதற்கும் லைக் எண்ணுவேனோ என்று. எழுதட்டோ என்று அவளிடம்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"என்ர பேர் போடாத, ஊர் போடாத. அம்மா சிரிக்கேல்ல எண்டதை மட்டும் கட்டாயம் போடு."

போட்டுவிட்டேன்.