ஐந்நூறு பாய்கள்

கிரேட்டர் நொய்டாவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கைவினைப் பொருள் ஏற்றுமதிக் கண்காட்சிக்குப் பத்தமடைப் பாய்களோடு ஒருமுறை போயிருந்தேன். அங்கே சில்லறை வியாபாரம் கிடையாது. மாதிரியைக் காட்டி மொத்த ஆர்டர் பிடிக்க வேண்டும். அரங்கு வாடகையும் ரயில் செலவும் அதில்தான் தேற வேண்டும்.

கடைசி நாள் மாலை ஒரு வெளிநாட்டு வியாபாரி வந்து சன்னப் பாயை விரல்களால் தடவிப் பார்த்தார். ஐந்நூறு வேண்டும், நிறம் இம்மியும் பிசகக் கூடாது, 90 நாட்களில் கப்பலேற வேண்டும் என்றார்.

கோரையைத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, சாயமேற்றி, நூல் பாவில் கோத்து நெய்வது சன்னப் பாய். ஒன்று முடியவே வாரக்கணக்கில் ஆகும். சாயமும் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சற்றே மாறும். (அது குறையா, அழகா என்று நாம் இங்கே விவாதிக்கலாம், கொள்முதல் செய்பவரிடம் முடியாது.) இவ்வளவும் தெரிந்திருந்தும் ‘முடியும்’ என்றேன். வாடகை அப்படிச் சொல்ல வைத்தது.

ஊர் திரும்பியதும் நெய்துதரும் லாத்தாவிடம் சொன்னேன். தறியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

“ஐந்நூறா? சன்னம் நெய்யுறவுக ஊர்ல எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தீங்களா தம்பி?”

இருபதுதான் தர முடியும் என்று அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை. அவர் மாதிரிக்கென்று கொண்டுபோன பாய்க்கு லாத்தாவுக்கு இன்னும் நான் பாதிக் கூலி பாக்கி.